கால் ஊன்றினால் தீர்ந்ததா?

எட்டுப் போடுவது வெறும் சடங்கு. புதிதாக பைக் பழகுகிறவர்கள் மைதானத்தில் ஊர்ந்து ஊர்ந்து திரும்பிக்கொண்டிருப்பது நேர விரயம். வேகமெடுத்தால் வண்டி தானே நேராக நிற்கும். மெதுவாகப் போகையில் தடுமாறினால் காலை ஊன்றினால் தீர்ந்தது. சென்ற இதழில் வந்த கட்டுரையைப் பிழிந்தால் கிடைப்பது இவ்வளவுதான். நடுவே கர்துங் லா பயணம், ஜைரோஸ்கோப், மத்திய அரசின் விபத்துக் கணக்கு, தகப்பனாரின் ராஜ்தூத் எல்லாம் வந்து போகின்றன. வராத ஆள் ஒருவர்தான்: போன வாரம் லைசென்ஸ் கைக்கு வந்து, நாளைக் காலை எட்டரைக்கு ஆபீசுக்கு வண்டி எடுக்கப்போகிறவர்.

அவருக்காகத்தான் இந்த எதிர்வினை. கட்டுரையாளருக்காக அல்ல. அவர் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டியவர். இனி அவருக்கு யாரும் எதையும் சொல்லித்தர முடியாது. அதை அவரே எழுதியும் இருக்கிறார்.

புதியவரின் காலைப் பொழுதைக் கொஞ்சம் பாருங்கள். வாசல் சரிவில் வண்டியை இறக்க வேண்டும். தெருவில் பாதியை யாரோ ஒருவரின் கார் அடைத்திருக்கும். முனையில் குப்பை வண்டி. மெயின் ரோட்டுக்கு வந்தால் மெட்ரோ வேலைக்காக வைத்த தகரத் தடுப்பு, அதை ஒட்டி ஒரே ஒரு தடம், முன்னால் மாநகரப் பேருந்து, பின்னால் ஹாரனிலிருந்து கையை எடுக்காத தண்ணீர் லாரி. சிக்னல் விழுந்து வண்டிகள் நகரும்போது வேகம் பத்தோ பன்னிரண்டோ. வழியில் பெட்ரோல் பங்க் வரிசை. ஆபீஸ் வந்தால் தரைக்கடியில் இருக்கும் பார்க்கிங்குக்கு வளைந்து இறங்கும் சரிவு. சனிக்கிழமை என்றால் திரும்பும்போது 20 லிட்டர் தண்ணீர் கேனோ 25 கிலோ அரிசிச் சிப்பமோ ஸ்கூட்டரின் காலடியில் ஏறும். சென்னை உஸ்மான் சாலையானாலும் மதுரை மாசி வீதியானாலும் கதை இதுதான். அறுபதில் போகிற பாக்கியம் ஞாயிற்றுக்கிழமை வாய்த்தால் உண்டு. தினமும் எந்த வேகத்தில் ஓட்டியாக வேண்டுமோ, அந்த வேகத்தை மட்டும் பழகாதே என்பதுதான் அவருக்குக் கட்டுரையாளர் தரும் அறிவுரை.

சரி, ஜைரோஸ்கோப்புக்கு வருவோம். கட்டுரையின் விஞ்ஞான அலங்காரம் அதுதான். சக்கரம் சுழலும்போது பிறக்கும் விசையே வண்டியை விழாமல் காக்கிறது, ஆகவே வேகமே பாதுகாப்பு என்கிறார். அமெரிக்காவின் கார்னெல், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு விசித்திரமான சைக்கிளைச் செய்து, 2011இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். அதன் ஒவ்வொரு சக்கரத்தோடும் எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பூட்டி ஜைரோ விளைவை ரத்து செய்திருந்தார்கள். முன்சக்கரம் தரையைத் தொடும் புள்ளியை ஹேண்டிலின் அச்சுக்கோட்டுக்குச் சற்று முன்னால் தள்ளி, சக்கரம் தானாக நேர்ப்படுவதற்குக் காரணம் என்று சொல்லப்பட்ட இன்னொரு விளைவையும் பறித்திருந்தார்கள். ஆளில்லாமல் தள்ளிவிட்டால், போதிய வேகம் இருக்கும்வரை அது விழவில்லை. சாய்கிற பக்கமே முன்சக்கரம் தானாகத் திரும்பியது. திரும்பியதால் சக்கரங்கள் சாய்ந்த எடைக்கு அடியில் போய்ச் சேர்ந்தன. ஜைரோ விசை உதவவே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அது இல்லாமலும் வண்டி நிற்கும், நிற்கக் காரணம் அந்தத் தானியங்கித் திருத்தம் என்பதுதான் செய்தி.

அந்தத் திருத்தத்துக்கு வேகம் வேண்டும். வேகம் குறையக் குறைய அது மந்தமாகி, ஆள் நடக்கிற வேகத்துக்கு வண்டி வந்ததும் ஏறக்குறைய இல்லாமலே போகிறது. அப்போது ஹேண்டிலைத் திருத்துகிற வேலையை யார் பார்ப்பது? மேலே உட்கார்ந்திருப்பவர்தான். வேகமாகப் போகையில் வண்டி ஓட்டுநரைச் சுமக்கிறது, மெதுவாகப் போகையில் ஓட்டுநர் வண்டியைச் சுமக்கிறார். கட்டுரையாளர் கூட்டிவந்த சாட்சி எங்கள் பக்கம் சாட்சி சொல்லிவிட்டுப் போய்விட்டது.

இன்னொன்றும் உண்டு. ஓரளவு வேகத்தில் இடதுபக்கம் வளைய வேண்டும் என்றால் ஹேண்டிலின் இடதுபிடியை லேசாக முன்னே தள்ளுகிறோம். வண்டி இடதுபுறம் சாய்ந்து வளைகிறது. நடை வேகத்தில் அப்படி இல்லை. போக வேண்டிய பக்கமே ஹேண்டிலைத் திருப்ப வேண்டும். வேகத்தில் உடம்பும் வண்டியோடு உள்ளே சாயும். மெதுவான குறுகிய திருப்பத்தில் வண்டியை உள்பக்கம் சாய்த்து, உடம்பை நிமிர்த்தி வெளிப்பக்கம் வைத்தால்தான் நிற்கும். கைக்கும் இடுப்புக்கும் இவை இரண்டும் வெவ்வேறு பழக்கங்கள். ஒன்றைக் கற்றால் மற்றது கொசுறாக வராது. பாட்டு சொல்லிக்கொடுக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்: வர்ணத்தைச் சவுக்கத்தில் நிறுத்திப் பாட வராத பிள்ளை, துரித காலத்தில் ஓடி ஒளிந்துகொள்ளும்; அங்கே பிசகு தெரியாது. கட்டுரையாளர் துரித காலத்தில் ஒளிந்துகொண்டு தன்னைத் தேர்ந்த வித்வான் என்கிறார்.

கர்துங் லா போய்வந்ததை வேறு ஆதாரமாகக் காட்டுகிறார். அங்கே சரளையிலும், பனி உருகிச் சாலைக்குக் குறுக்கே ஓடும் தண்ணீரிலும் அவர் என்ன நூறிலா போனார்? முதல் கியரில், மூச்சைப் பிடித்துக்கொண்டு, நடை வேகத்தில்தான் போயிருப்பார். அவ்வளவு தூரம் வேண்டாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு புதியவரை ஏறச் சொல்லுங்கள். எதிரே பேருந்து இறங்கி வர, வளைவின் உட்புறச் செங்குத்தில் முதல் கியரில் வண்டியை உயிரோடு வைத்திருக்கத் தெரிகிறதா என்பதுதான் அங்கே கேள்வி.

அடுத்தது அந்த அமுதமொழி: தடுமாறினால் காலை ஊன்று. இதை மட்டும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

ஜி.எஸ்.டி. சாலை மாதிரி ஒரு பெரிய சாலை. மீடியன் இடைவெளியில் ஒரு புதியவர் யூ டர்ன் எடுக்கிறார். நம் நாட்டில் யூ டர்ன் வலதுபக்கம். பயத்தில் கிளட்சை முழுக்கப் பிடித்துவிட்டார். இப்போது எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை, வண்டி சும்மா உருள்கிறது. ஹேண்டில் கடைசிவரை திரும்பியிருக்கிறது. கண் முன்சக்கரத்தின் மேல். எதிர்த்தடத்தில் ஒரு கார் ஹாரன் அடிக்கிறது. வலதுகையின் நான்கு விரலும் முன்பிரேக்கை இறுக்குகின்றன. முன் சஸ்பென்ஷன் அமுங்குகிறது, திரும்பிய சக்கரம் அங்கேயே நின்றுவிடுகிறது, மொத்த எடையும் உள்பக்கம், அதாவது வலப்பக்கம், சரிகிறது. கட்டுரையாளர் சொன்னபடியே வலதுகாலை ஊன்றுகிறார்.

வலதுகால் அதுவரை எங்கே இருந்தது? பின்பிரேக் மிதியின் மேல். அந்த நொடியில் அவருக்கு உதவக்கூடிய ஒரே பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டார். உதவாத பிரேக்கைக் கை பிடித்துக்கொண்டிருக்கிறது. கால் விழுந்த இடம் மீடியன் ஓரம், அங்கே எப்போதும் மணல் சேர்ந்திருக்கும். வண்டி கிளாசிக் 350 என்றால் 195 கிலோ. கொஞ்சம் சாய்ந்தவரை கால் தாங்கும். அதைத் தாண்டிவிட்டால் அவ்வளவு எடையைத் தொடையால் நிறுத்துகிற ஆள் ஊருக்கு ஒருவர் இருந்தால் அதிகம். பெரும்பாலான வண்டிகளில் சைலன்சர் இருப்பதும் அதே வலப்பக்கம்தான். பிரேக் லீவர் முனை ஒடிந்தது, கண்ணாடி திரும்பியது, கணுக்காலில் சூடு என்பதோடு முடிந்தால் குலதெய்வத்துக்கு ஒரு தேங்காய் உடைக்கலாம். பின்னால் லாரி வந்துகொண்டிருந்தால் தேங்காய்க்கும் வேலை இல்லை.

இதே திருப்பத்தைப் பழகியவர் எடுக்கும்போது கிளட்ச் முழுக்க உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. நம் மெக்கானிக்குகள் ஹாஃப் கிளட்ச் என்பார்களே, வண்டி நகரலாமா என்று எஞ்சின் முனகத் தொடங்கும் அந்த இடத்தில் இடதுகை நிற்கிறது. ஆக்ஸிலேட்டர் கொஞ்சம் திறந்து, ஏறாமல் இறங்காமல் ஒரே அளவில். பின்பிரேக்கின் மேல் வலதுகால் லேசாக அழுத்தியபடி. எஞ்சின் முன்னே இழுக்கிறது, பிரேக் பின்னே பிடிக்கிறது, இரண்டுக்கும் நடுவே வண்டி தளராமல் நிற்கிறது. முகவாய் வலது தோளுக்கு மேல் திரும்பி, கண் போய்ச் சேர வேண்டிய தடத்தைப் பார்க்கிறது. முன்பிரேக் பக்கம் விரலே போவதில்லை. கண் போகிற பக்கம் வண்டி போகும் என்பதை நூறு தடவை படித்தாலும் வராது. மைதானத்தில் பத்து நிமிடம் தவறாகச் செய்து பார்த்தால் வந்துவிடும்.

கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு இதெல்லாம் எதற்கு என்றும் கேட்கிறார். ஸ்கூட்டரில்தான் இன்னும் வம்பு. ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடினால் அதன் கிளட்ச் தானே விட்டுவிடும். மறுபடி முறுக்கினால் வெடுக்கென்று பிடிக்கும். ஆகவே திருப்பம் முடியும்வரை ஆக்ஸிலேட்டரைச் சிறிது திறந்தே வைத்து, இடதுகை பிரேக்கை மெல்லத் தொட்டுக்கொண்டே போகப் பழக வேண்டும். மெல்ல என்பது முக்கியம். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசி வரையிலான வண்டிகளில் இரண்டு சக்கர பிரேக்கையும் இணைக்கும் சி.பி.எஸ்.ஸாவது கட்டாயம் என்று ஆனது, அது உள்ள ஸ்கூட்டரில் இடதுபிரேக்கைப் பிடித்தால் முன்சக்கரத்துக்கும் ஒரு பங்கு போகும். ஏ.பி.எஸ். வந்துவிட்டதே என்ற வாதத்துக்குப் பதிலே வேண்டியதில்லை. அது சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் கருவி. சாய்கிற வண்டியை நிமிர்த்துவது அதன் வேலை இல்லை.

இனி புள்ளிவிவரம். 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள், அதில் 71.2 சதவீதத்துக்குக் காரணம் அதிவேகம் என்று எடுத்துக்காட்டி, மெதுவாகப் போகிறவனுக்கு என்ன ஆபத்து என்று முடிக்கிறார். எண்கள் சரி. சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கையில் அப்படித்தான் இருக்கிறது. அதே அறிக்கையில் இறந்தவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள் என்றும் இருக்கிறது. அந்த 71.2 சதவீதம் பைக்காரர்களின் வேகம் அல்ல. லாரி, பேருந்து, கார், பைக் என்று சாலையில் ஓடும் எல்லா வண்டிகளுக்கும் சேர்த்து, காவல் நிலையப் பதிவுகளைக் கூட்டிப் போட்ட கணக்கு. நம்மூர் முதல் தகவல் அறிக்கைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்” என்ற தொடர் இல்லாமல் ஒரு விபத்து வழக்கும் பதிவாவதில்லை. மேலே பார்த்த யூ டர்ன் ஆசாமி தடத்தின் நடுவே விழுந்து கிடக்கையில் லாரி ஏறியிருந்தால் அந்தச் சாவும் லாரியின் அதிவேகக் கணக்கில்தான் சேரும். லாரி வேகமாக வந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர் ஏன் அங்கே விழுந்து கிடந்தார் என்பதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

அவருக்குத்தான் வெளிநாட்டு ஆய்வு என்றால் பிடிக்குமே. தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழுவினர் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை தந்தார்கள். விபத்துக்குச் சற்று முன் வண்டிகள் போன வேகத்தின் இடைநிலை மணிக்கு 29.8 மைல், நம் கணக்கில் சுமார் 48 கிலோமீட்டர். மோதியபோது 21.5 மைல், சுமார் 35 கிலோமீட்டர். அகலமான சாலைகளும் பெரிய எஞ்சின்களும் உள்ள ஊரில் கிடைத்த எண்கள் இவை. ஓட்டியவர்களில் 92 சதவீதம் பேர் தாங்களாகவோ வீட்டாரிடமோ நண்பர்களிடமோ கற்றவர்கள். பயிற்சி, விபத்தில் சிக்குவதைக் குறைக்கிறது என்பதும் அதே அறிக்கையின் முடிவு. மணிக்கு 35 கிலோமீட்டர் நடை வேகம் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஊர்ந்து பழகியவருக்கு விபத்தே வராது என்று இதை வைத்து நான் வாதாடப்போவதில்லை. நூறில் பறந்தவன்தான் விழுவான், நிதானமாகப் போகிறவனுக்குத் திறமை தேவையில்லை என்ற சித்திரம் இதோடு கிழிகிறது, அது போதும்.

அப்பாவின் ராஜ்தூத்தை எடுத்து ஓட்டித் தானாகவே கற்றேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற பத்தியை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றும் ஆகாதவர்கள்தான் கட்டுரை எழுதுகிறார்கள்.

கிளட்ச் கருகிவிடும் என்கிறாரே, அதற்கு ஒரு வரி போதும். நம் சாலைகளில் ஓடும் அநேகமாக எல்லா கியர் பைக்குகளிலும் கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் ஊறியே இருக்கின்றன. முதல் கியரில் பத்து நிமிடம் ஹாஃப் கிளட்சில் ஓட்டி, எஞ்சின் சூடாறக் கொஞ்சம் நிறுத்தி, மறுபடி ஓட்டினால் எதுவும் கருகாது. கார் கிளட்ச் வேறு ரகம். அங்கே கேள்விப்பட்டதை இங்கே எழுதியிருக்கிறார் போலிருக்கிறது.

வெளிநாட்டில் இந்த எட்டெல்லாம் கிடையாது என்று சொன்னதுதான் துணிச்சலின் உச்சம். பிரிட்டனில் மோட்டார் சைக்கிள் லைசென்சுக்கான முதல் கட்டச் செய்முறைத் தேர்வில் எட்டும் உண்டு, யூ டர்னும் உண்டு, வேண்டுமென்றே மெதுவாக ஓட்டிக்காட்டுவதும் உண்டு. மணிக்கு 50 கிலோமீட்டரில் வந்து திடீர் பிரேக் பிடித்து நிறுத்துவதும் அதே தேர்வில்தான். இதுவா அதுவா என்று கட்டுரையாளர் பட்டிமன்றம் வைத்த இரண்டையும் அங்கே ஒரே தேர்வில் வைத்திருக்கிறார்கள். ஜப்பானில் ஒற்றைப் பாலம் என்று ஒரு சோதனை. 15 மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தரையிலிருந்து சற்று உயர்ந்த பாதை. பெரிய பைக்குக்கு லைசென்ஸ் கேட்கிறவர் அதைக் கடக்க 10 நொடிக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். சக்கரம் கீழே இறங்கிவிட்டால் தேர்வு அத்தோடு முடிந்தது. கணக்குப் போட்டால் மணிக்கு 5.4 கிலோமீட்டர். ஹோண்டா, யமஹா, சுசுகி, கவாசாகி நான்கையும் உலகுக்குத் தந்த நாட்டுக்கு வேகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது போலும். ஜப்பான் கூட எதற்கு? பொங்கல் விளையாட்டு விழாக்களில் ஸ்லோ சைக்கிள் ரேஸ் வைக்கிற நம் கிராமத்து இளைஞர் மன்றங்களுக்குத் தெரிந்தது இவருக்குத் தெரியவில்லை. அங்கே கடைசியாக வருகிறவனுக்குத்தான் எவர்சில்வர் குடம். கால் ஊன்றியவன் வெளியே.

எட்டைப் பற்றி அவர் சொன்னதில் ஒரு விஷயம் உண்மை. நடக்கிற விதம் கேலிக்கூத்துதான். எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழித்துத் தேர்வுக்குப் போகலாம். அந்த 30 நாளில் என்ன பழக வேண்டும் என்று பெரும்பாலோருக்கு யாரும் சொல்வதில்லை. தேர்வுக்கு முதல்நாள் சாயங்காலம் யாரிடமாவது எடை குறைந்த வண்டி ஒன்றை இரவல் வாங்கி, அந்த ஒரு எட்டை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். ஷோரூமிலிருந்து எடுத்த அன்று சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்களே, அதுதான் சொந்த வண்டியில் பலர் செய்த முதலும் கடைசியுமான மெதுவோட்டப் பயிற்சி. இந்த லட்சணத்தைப் பார்த்துவிட்டு எட்டையே எடுத்துவிடு என்பது மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்துகிற யோசனை.

செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறு. யார் எந்த வண்டியை ஓட்டப்போகிறாரோ அந்த வண்டியிலேயே பழகட்டும். ஹெல்மெட்டும் ஷூவும் போட்டுக்கொண்டு, மணல் இல்லாத சிமென்ட் தரையோ தார்த் தரையோ பார்த்து. கூம்பு வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம், இரண்டு ஜோடி பழைய செருப்பு போதும். முதலில் நேர்கோட்டில் எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக. பிறகு பெரிய வட்டம். அதைக் குறுக்கிக் குறுக்கி, இருவழிச் சாலையின் அகலமான ஏழு மீட்டருக்குள் கால் ஊன்றாமல் திரும்பும்வரை. எல்லோருக்கும் ஒரு பக்கம் சுலபமாக வரும், மறுபக்கம் வராது; வராத பக்கத்துக்கே அதிக நேரம் கொடுக்க வேண்டும். தனியாக வந்த பிறகு பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு. ஸ்கூட்டர்காரர்கள் அரிசிச் சிப்பத்தோடு. உயரம் குறைந்தவர்களுக்கு இது இரட்டிப்பு அவசியம். 805 மில்லிமீட்டர் சீட் உயரத்தில் நுனிக்கால் மட்டும் எட்டுகிறவரிடம் போய்க் காலை ஊன்றச் சொல்கிறவர், தன் உயரத்தை வைத்து உலகத்தை அளக்கிறார்.

எட்டுக்குப் பதிலாக அவர் முன்வைக்கும் மாற்று யோசனையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நீண்ட நேர்ச்சாலை, அதில் 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்து கோட்டுக்குள் பிரேக் பிடித்து நிறுத்த வேண்டும், மூன்று தடவை. நல்ல தேர்வு, எட்டோடு சேர்த்தே வைக்கலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் முதல் தடவை நிறுத்தியதும் இரண்டாவது ஓட்டத்துக்கு வண்டியைத் திருப்பிக்கொண்டு தொடக்கத்துக்கு வர வேண்டுமே, அந்த யூ டர்னை அந்தப் பையன் எப்படி எடுப்பான் என்று கட்டுரையில் எங்கேயும் காணவில்லை.